மேசை விளிம்பிலிருந்து விழுந்த பந்து: கலிலியோவின் கதை

கலிலியோ என்றதும் தொலைநோக்கி நினைவுக்கு வரும். அடுத்து, பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் இயற்பியல் எடுத்திருக்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டையும்விட நெருக்கமான ஒரு கலிலியோ இருக்கிறார். முதல் பருவத்திலேயே உங்களைத் தடுமாற வைக்கும் எறிபொருள் கணக்கு, அதிலும் கிடைமட்டமாக எறியப்பட்ட பொருளின் கணக்கு, அவருடைய மேசையிலிருந்து வந்தது.

சுங்கை பட்டாணியில் பல ஆண்டுகளாக இயற்பியல் டியூஷன் நடத்தி வருகிறேன். பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சூத்திரங்களைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால், மேசையில் வேகமாக உருண்டு விளிம்பைத் தாண்டி விழும் பந்து, அதே விளிம்பிலிருந்து சும்மா நழுவி விழும் பந்து, இரண்டில் எது முதலில் தரையைத் தொடும் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். காற்றை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடும். இந்தச் சின்னப் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கலிலியோ கலிலி 1564 பிப்ரவரி 15-ஆம் நாள் இத்தாலியின் பைசாவில் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஓர் இசைக் கலைஞர். லூட் என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்பவர். நரம்புகளில் எடைகளைத் தொங்கவிட்டுச் சுருதியைச் சோதித்துப் பார்த்தவரும்கூட. ஒரு நரம்பின் சுருதி ஒரு ஸ்தாயி உயர வேண்டுமானால் எடையை இரண்டு மடங்காக்கினால் போதும் என்று பழைய நூல்கள் சொல்லி வந்தன. நான்கு மடங்கு வேண்டும் என்று அவர் அளந்து காட்டினார். நூலில் இருப்பதை அளந்து பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் முன்பே இருந்திருக்கிறது.

மகன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. (நம் வீடுகளில் நடப்பது புதிதல்ல.) 1581-இல் பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த கலிலியோவின் மனம் ஓஸ்தீலியோ ரிச்சி என்பவரின் கணிதப் பாடங்களில் போய்ச் சிக்கிக்கொண்டது. 1585-இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1589-இல், அதே பல்கலைக்கழகம் அவரைக் கணித ஆசிரியராக வேலைக்கு எடுத்தது. ஆண்டுச் சம்பளம் 60 ஸ்கூடோ. மருத்துவப் பேராசிரியர்கள் அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள்.

சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்ற கதை இந்தக் காலத்தைச் சேர்ந்தது. கடைசி நாள்களில் அவருடன் இருந்த விவியானி என்ற மாணவர் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது அது. வரலாற்று ஆசிரியர்கள் பலர் அதை நம்புவதில்லை. நானும் வகுப்பில் அதைச் சொல்வதில்லை. அவர் நிச்சயமாகச் செய்த சோதனைகளுக்கு அவர் கைப்பட எழுதிய தாள்களே சாட்சியாக இருக்கும்போது அந்தக் கதை நமக்கு எதற்கு?

1591-இல் தந்தை இறந்தார். மூத்த மகன் என்பதால் தங்கைகளின் சீதனப் பொறுப்பும் தம்பியைக் கவனிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தன. 1592-இல் வெனிஸ் குடியரசைச் சேர்ந்த பாதுவா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். சம்பளம் கூடியது, கடன் குறையவில்லை. ஆகவே வீட்டிலேயே தனிப்பாடம் நடத்தினார். மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துக் கட்டணம் வாங்கினார். கணக்குப் போட உதவும் ஒரு பித்தளைக் கருவியை வடிவமைத்து, 1599 முதல் மாட்சொலேனி என்ற கைவினைஞரைத் தம் வீட்டிலேயே வைத்துச் செய்து விற்றார். நவீன இயற்பியலுக்கு அடித்தளம் போட்டவர் பதினெட்டு ஆண்டுகள் ஒரு டியூஷன் வாத்தியாராக வாழ்ந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அவரிடம் படிக்க வந்தவர்களில் பலர் படை அதிகாரிகளாகப் போகும் பிரபுக்களின் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது பீரங்கிக் கணக்கு. கோலக் கெடா கோட்டைக்குச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பீரங்கியிலிருந்து புறப்படும் குண்டு எந்தப் பாதையில் போகும்? அந்தக் காலத்துப் பதில் இன்று நமக்கு வேடிக்கையாக இருக்கும். அரிஸ்டாட்டில் வழி வந்தவர்கள் இயக்கத்தை இயற்கையான இயக்கம், வலிந்து தரப்பட்ட இயக்கம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். குண்டு முதலில் வலிந்த இயக்கத்தால் நேர்கோட்டில் போகும். அந்த வேகம் தீர்ந்த பிறகு இயற்கை இயக்கம் பொறுப்பேற்றுக் கீழே இழுக்கும். 1537-இல் தார்த்தாலியா என்ற கணித அறிஞர் வெளியிட்ட நூலில்கூட, குண்டின் பாதை சாய்ந்த நேர்கோடு, ஒரு வளைவு, பிறகு செங்குத்தான கோடு என்று மூன்று துண்டுகளாகவே வரையப்பட்டிருக்கிறது. கார்ட்டூன் படங்களில் பாறை விளிம்பைத் தாண்டி ஓடும் பூனை சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, கீழே பார்த்த பிறகு விழுமே, அதே கருத்துதான். என் வகுப்பில் பாதிப் பேர் மனத்திலும் அந்தப் பூனை குடியிருக்கிறது.

இதில் சந்தேகம் எழுப்பியவர்களில் கைடோபால்டோ டெல் மோன்டே என்ற பிரபுவும் ஒருவர். கலிலியோவுக்கு வேலை கிடைக்க உதவியவர். மை தடவிய பந்தைச் சாய்ந்த பரப்பில் குறுக்காக எறிந்தால் அது ஒரு தடத்தை விட்டுச் செல்லும். அந்தத் தடத்தில் நேர்கோட்டுத் துண்டு எதுவும் இல்லை. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒன்றுபோல் வளைந்திருந்தன. அப்படியானால், எறிந்த கணத்திலிருந்தே விழுதலும் தொடங்கிவிடுகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று வருவதில்லை. ஆனால் ஒரு தடத்தைக் காட்டினால் மட்டும் போதுமா? எண் வேண்டும்.

எண்ணுக்காகக் கலிலியோ சாய்தளத்தைப் பயன்படுத்தினார். நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்க அன்று கடிகாரம் இல்லை. சாய்தளம் விழுதலை மெதுவாக்கிக் கொடுத்தது. கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது என்பதை 1604-இல் அவர் ஒரு நண்பருக்குக் கடிதத்தில் தெரிவித்துவிட்டார்.

அடுத்த சோதனை 1608 வாக்கில் நடந்தது. மேசையின் மேல் ஒரு சாய்தளம். அதில் இறங்கிய பந்து அடியில் திசை திருப்பப்பட்டு, கிடைமட்டமாக மேசையைவிட்டு வெளியேறித் தரையில் விழுந்தது. தூரங்களை ‘புன்டோ’ என்ற அளவில் குறித்தார். ஒரு புன்டோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேசையின் உயரம் 828 புன்டோ, அதாவது ஏறக்குறைய 78 சென்டிமீட்டர். நீங்கள் எழுதும் மேசையின் உயரம்தான்.

அவர் போட்ட வழியைக் கவனியுங்கள். மேசையின் உயரம் மாறவில்லை. எனவே ஒவ்வொரு முறையும் பந்து விழ எடுக்கும் நேரம் ஒன்றே. மாறுவது சாய்தளத்தில் பந்தை விடும் உயரம் மட்டும். அவருடைய விதிப்படி, பந்து அடிக்கு வரும்போது பெற்றிருக்கும் வேகம் அந்த உயரத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப இருக்கும். அந்தக் கிடைமட்ட வேகம் காற்றில் செலவாகாமல் அப்படியே இருந்தால், தரையில் பந்து விழும் தூரமும் அதே வர்க்கமூலத்தைப் பின்பற்ற வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாது. நொடிகளைக் காட்டும் கடிகாரமும் அவரிடம் இல்லை. விகிதம் ஒன்றை வைத்தே வேலையை முடித்தார்.

300 புன்டோ உயரத்திலிருந்து விட்டபோது பந்து 800 புன்டோ தூரத்தில் விழுந்தது. இதை அடிப்படையாக வைத்துக்கொண்டார். உயரத்தை இரண்டு மடங்காக்கி 600 புன்டோவிலிருந்து விட்டால் தூரம் 800 × √2 = 1131 வர வேண்டும். பந்து விழுந்தது 1172-இல். வித்தியாசம் 41 என்று தாளிலேயே எழுதிவைத்தார். 800 புன்டோ உயரத்துக்குக் கணக்கு 1306, அளவு 1328, வித்தியாசம் 22. மேசையின் உயரத்துக்குச் சமமான 828-இலிருந்து விட்டபோது பந்து 1340-இல் விழுந்தது, வித்தியாசம் 10. 1000 புன்டோவுக்குக் கணக்கு 1460, அளவு 1500, வித்தியாசம் 40.

ஆய்வுக்கூடத்தில் கணக்குக்கு ஒத்துவராத அளவைச் சத்தமில்லாமல் திருத்தி எழுதும் மாணவர்களுக்கு நான் காட்டும் தாள் இது. வித்தியாசங்களை அழகாக அடுக்கி எழுதியிருக்கிறார். எதையும் அழிக்கவில்லை. இன்னொன்றும் பாருங்கள்: நான்கு அளவுகளும் கணக்கைவிடக் கூடுதல், ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அடிப்படையைச் சந்தேகப்பட வேண்டும். அந்த முதல் 800 கொஞ்சம் குறைவாக விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதை 818 என்று வைத்து மற்ற நான்கையும் மறுபடி போட்டுப் பாருங்கள், வித்தியாசங்கள் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும்.

இப்போது நம் ஊர்க் கணக்கு ஒன்று. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் தோட்டச் சாலையில் போகும் லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை நழுவி விழுகிறது. உயரம் 1.8 மீட்டர். தாளின் நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கிடைமட்டம், வலப்பக்கம் செங்குத்து. வலப்பக்கத்தில் தொடக்க வேகம் சுழியம், முடுக்கம் 9.81. உயரத்தை இரண்டால் பெருக்கி 9.81-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.61 நொடி. இடப்பக்கத்தில் வேகம் நொடிக்கு 10 மீட்டர், முடுக்கம் எதுவும் இல்லை. 10-ஐ 0.61-ஆல் பெருக்கினால் குலை நழுவிய இடத்திலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் முன்னால் தரையைத் தொடும். கோட்டைத் தாண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக நேரத்துக்கு மட்டுமே அனுமதி. அந்த 10-ஐ வலப்பக்கத்தில் தொடக்க வேகமாகப் போடுகிறவர்கள்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். லோரி மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் தூரம் 12 மீட்டராகும். நேரம் அதே 0.61 நொடி. தரையைத் தொடும்போது வேகம் எவ்வளவு என்று கேட்டால், செங்குத்து வேகம் 9.81 × 0.61, ஏறத்தாழ 6. அதையும் 10-ஐயும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டுபிடியுங்கள். நொடிக்கு 11.6 மீட்டர் வரும்.

லோரியின் மேல் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அந்தக் குலை எப்படி விழும்? நேர் கீழே விழும். குலையும் அவரும் ஒரே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் டியூஷன் வாத்தியாரின் மேசைக் கணக்கு ரோமாபுரி வரை போய்விடுகிறது.

1609-இல் தொலைநோக்கி பற்றிய செய்தி வந்தது. கலிலியோ தாமே ஒன்றைச் செய்து, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். மேசை, சாய்தளம், தாள்கள் எல்லாம் ஓரத்துக்குப் போயின. புகழும் ஃபுளோரன்ஸ் அரசவையில் பதவியும் கிடைத்தன. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்நிக்கஸின் கருத்தை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். 1616-இல் திருச்சபை அவரை எச்சரித்தது.

பூமி சுழல்கிறது என்பதற்கு எதிராக அன்று சொல்லப்பட்ட வலுவான வாதங்களில் ஒன்று வேதநூலிலிருந்து வந்ததல்ல. விழும் கல்லைப் பற்றியது. பூமி சுழன்றால் கோபுரத்தின் உச்சியிலிருந்து விட்ட கல் ஏன் அடியிலேயே விழுகிறது? கோபுரம் நகர்ந்துவிடாதா? கேள்வி அசட்டுத்தனமானதல்ல. அலோர் ஸ்டார் கோபுரத்தின் உயரம் 165.5 மீட்டர். காற்றை விட்டுவிட்டால் அதன் உச்சி அளவு உயரத்திலிருந்து கல் விழ 5.8 நொடி ஆகும். பூமியின் சுழற்சியால் அலோர் ஸ்டார் நொடிக்கு ஏறக்குறைய 460 மீட்டர் கிழக்கே நகர்கிறது. விட்ட கணத்தில் கல் அந்த வேகத்தை இழந்துவிடுமானால், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய் விழ வேண்டும்.

கலிலியோவின் பதில் உங்களுக்கு இப்போது தெரியும். கல் அந்த வேகத்தை இழப்பதில்லை. கிடைமட்ட இயக்கம் அதனிடம் அப்படியே இருக்கிறது. விழுதல் அதைக் கெடுப்பதில்லை. 1632-இல் வெளிவந்த உரையாடல் வடிவ நூலில், ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து விடப்பட்ட கல் பாய்மரத்தின் அடியிலேயே விழும் என்று வாதிட்டார். கோபுரத்தின் மேல் கிடைமட்டமாக வைத்த பீரங்கியிலிருந்து சுடப்பட்ட குண்டும், அங்கிருந்து சும்மா விடப்பட்ட குண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்பதும் அதே நூலில் இருக்கிறது. கோலக் கெடாவிலிருந்து லங்காவிக்குப் ஃபெரியில் போகும்போது உள்ளே ஒரு நாணயத்தைக் கீழே விட்டுப் பாருங்கள்; பாய்மரம் தேவையில்லை. 1640-இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் கசாந்தி என்ற அறிஞர் உண்மையான கப்பலிலேயே இதைச் செய்து காட்டினார்.

கலிலியோ சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். கடலின் ஏற்றவற்றத்தைப் பூமியின் இயக்கத்துக்குச் சான்றாக அவர் காட்டியது தவறு. தடையில்லாத இயக்கம் நேர்கோட்டில் தொடரும் என்ற விதி முழு வடிவம் பெற்றது அவருக்குப் பின் வந்தவர்கள் கையில். நியூட்டனின் முதல் விதியாக நீங்கள் படிப்பது அதுதான்.

நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 69 வயதில், அவர் ரோமில் விசாரிக்கப்பட்டார். 1633 ஜூன் 22-ஆம் நாள் மண்டியிட்டு, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். எழுந்தபோது எதையோ முணுமுணுத்தார் என்ற பிரபலமான கதைக்கு விசாரணைக் குறிப்புகளில் ஆதாரம் இல்லை. அவருடைய நூல் தடை செய்யப்பட்டது. வாழ்நாள் முழுவதும் காவலில் இருக்க வேண்டும் என்பது தண்டனை. அந்த ஆண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸுக்கு அருகே ஆர்செட்ரி கிராமத்திலுள்ள தம் வீட்டிலேயே காவலில் இருக்க அனுமதி கிடைத்தது.

அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கன்னிமடத்தில் அவருடைய மூத்த மகள் வர்ஜீனியா துறவியாக இருந்தார். தந்தைக்குத் தொடர்ந்து கடிதம் எழுதியவர், விசாரணைக் காலம் முழுவதும் அவரைத் தாங்கிப் பிடித்தவர். தந்தை வீடு திரும்பிய நான்கே மாதத்தில், 1634 ஏப்ரல் 2-ஆம் நாள், 33 வயதில் அவர் இறந்துபோனார். கலிலியோ நொறுங்கிப்போனார்.

அதற்குப் பிறகுதான் பாதுவாக் காலத்துப் பழைய தாள்களிலிருந்த வேலை நூலாக முழுமை பெற்றது. வானத்தைப் பற்றி எழுத முடியாது. உருளும் பந்தைப் பற்றி எழுதலாமா என்றால், அவருடைய எந்த நூலையும் அச்சிட அனுமதி இல்லை. கையெழுத்துப் படி எல்லை தாண்டி ஹாலந்துக்குப் போய், 1638-இல் லைடன் நகரில் எல்செவீர் அச்சகத்தில் நூலானது. இரண்டு புதிய அறிவியல்கள் பற்றிய அந்த நூலின் நான்காம் நாள் உரையாடல் முழுக்க எறிபொருள் இயக்கம்: கிடைமட்டமாகச் சீரான வேகம், செங்குத்தாகச் சீரான முடுக்கம், இரண்டும் சேர்ந்தால் பரவளையம். பீரங்கிக்காரர்களுக்காக வீச்சுகளின் பட்டியலும் போட்டிருந்தார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று நன்றாகத் தடுப்பதால், போர்க்களத்தில் அந்தப் பட்டியல் அவ்வளவாக உதவவில்லை. நூல் வெளிவந்தபோது அவருக்கு இரண்டு கண்களும் தெரியவில்லை.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பரவளையத்தை முதலில் அச்சில் வெளியிட்டவர் கலிலியோ அல்லர். அவருடைய ஆதரவில் வளர்ந்த கவாலியேரி. 1632-இல், தம் நூலில் அதைச் சேர்த்துவிட்டார். பல ஆண்டு உழைப்பின் பலன் கைநழுவியதே என்று கலிலியோ கொதித்தார். உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டதாக விளக்கி, கவாலியேரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு முடிவைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

கலிலியோ 1642 ஜனவரி 8-ஆம் நாள் ஆர்செட்ரியில் இறந்தார். விவியானியும் டாரிசெல்லியும் அந்தக் கடைசிக் காலத்தில் உடன் இருந்தவர்கள். பாதரசக் காற்றழுத்தமானியில் நீங்கள் படிக்கும் அதே டாரிசெல்லிதான்.

அந்த ஐந்து உயரங்களும் நான்கு வித்தியாசங்களும் எழுதிய தாள் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில் 72 என்று எண்ணிட்ட கையெழுத்துத் தொகுதியில் இருக்கிறது. அதில் முழு வாக்கியங்கள் கிடையாது. ஒரு படம், சில கோடுகள், எண்கள், கூட்டல் பெருக்கல். அதனாலோ என்னவோ, அவருடைய எழுத்துகளைத் திரட்டி அச்சிட்ட பெருந்தொகுப்பில் அந்தப் பக்கம் சேர்க்கப்படவில்லை. ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் 1973-இல் அதை வெளியிட்ட பிறகே, கலிலியோ இந்தச் சோதனையைக் கற்பனையில் நடத்தினாரா கையால் நடத்தினாரா என்ற நீண்ட கால வாக்குவாதத்துக்கு எண்களாகவே பதில் கிடைத்தது.